செத்த கோழிக்கு என்ன விலை?

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவி)

வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, குழாயடித் தகராறு என்று கிராமத்தில் எத்தனையோ தகராறுகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் கதை உண்டு, சினிமா உண்டு, கோர்ட்டில் கட்டுக் கட்டாகக் காகிதம் உண்டு. ஆனால் யாருமே எழுத்தில் ஏற்றாத தகராறு ஒன்று இருக்கிறது. அதுதான் கோழித் தகராறு! பக்கத்து வீட்டு நாய் நம் கோழியைக் கடித்துப் போட்டால் யாரிடம் போய் என்ன கேட்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் நாலு மாதம் அலைந்தேன். அந்த அனுபவத்தை மலர் வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன். நண்பர்கள் சிரிக்காமல் படிக்க வேண்டும்.

சிரிக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் கோழி என்பது பேங்க். எங்கள் ஊர் மணிமுத்தாறு. 118 அடி அணை, அருவி, பட்டாலியன், மேலே மாஞ்சோலை மலை என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் அழகான ஊர். எங்களுக்கு அது வாழையும் நெல்லும் விளைகிற ஊர். சொந்தமாக நிலம் இல்லாதவர்களுக்கு அந்த வாழையில் தார் சுமக்கிற வேலை உண்டு. என் அப்பா அந்த வேலைதான் பார்க்கிறார். வேலை உள்ள நாளில் கூலி, இல்லாத நாளில் திண்ணை. அம்மா களையெடுக்கப் போவாள். இதற்கு நடுவே பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு அவசரச் செலவு வந்தால் அம்மா முதலில் பார்ப்பது கோழிக்கூட்டைத்தான்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் ஆண்டில் மினி டிராஃப்டர் வாங்கியது ஒரு சேவல் விற்ற காசில். டிராயிங் ஷீட், ரெக்கார்டு நோட்டு எல்லாம் முட்டைக் காசு. பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய மாதம் என்றால் இரண்டு பெட்டைக் கோழி குறையும். நான் டிப்ளமோ படிப்பது பாதி அப்பா தோளிலும் பாதி கோழி முதுகிலும்தான் என்று அம்மா கேலியாகச் சொல்லுவாள். அது கேலி இல்லை, கணக்கு.

போன ஆவணி மாதம் ஒரு பகல். அம்மா வயலில். நான் காலேஜில். தம்பி மட்டும் மதியம் வீட்டுக்கு வந்திருக்கிறான். வாசலெல்லாம் இறகு. பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் இருந்த ஓட்டை வழியாக வந்து கூட்டுக் கதவைத் தள்ளி உள்ளே புகுந்திருக்கிறது. தம்பி கல்லெடுத்து எறிந்த பிறகுதான் அது போயிருக்கிறது. பெட்டை நாலு, சேவல் ஒன்று, ஒரு மாதக் குஞ்சு ஆறு. அந்த நாலு பெட்டையில் ஒன்று பதினோரு முட்டைக்கு அடை உட்கார்ந்திருந்தது. முட்டை சூடு ஆறி அதுவும் போச்சு.

இதில் ஒன்றைக் கவனித்தோம். ஒரு கோழியைக் கூட நாய் தின்னவில்லை. நாய் பசிக்காகத்தான் கடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். வீட்டுச் சோறு தின்கிற நாய்க்குப் பசி கிடையாது. கோழி சிறகடித்து ஓடுவதைப் பார்த்ததும் விரட்டுகிற குணம் கிளம்பி விடுகிறது. அசைகிற வரைக்கும் கடித்து உதறும். அசைவு நின்றதும் அடுத்த கோழிக்குப் போய்விடும். கூண்டுக்குள் மாட்டிய கோழிகளுக்குத் தப்ப வழியே இல்லை. மரநாயோ காட்டுப்பூனையோ என்றால் பெரும்பாலும் ராத்திரியில் வந்து, பிடித்ததைத் தூக்கிக் கொண்டு போகப் பார்க்கும். பட்டப்பகலில் கொன்று, கொன்றதை அப்படியே போட்டுவிட்டுப் போவது நாய் வேலை. பின்னால் "அது மரநாயா இருக்கும்" என்று பேச்சு வந்தபோது இந்த விஷயம்தான் எங்களுக்கு உதவியது.

நாயின் சொந்தக்காரரை நாங்கள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். ரத்த சொந்தம் இல்லை, பழக்கத்தில் வந்த சொந்தம். அவருக்கு மலையடிவாரத்தில் குத்தகைக்கு வாழை இருக்கிறது. ராத்திரியில் காட்டுப் பன்றி இறங்கி வாழைக் கிழங்கைத் தோண்டிப் போட்டு விடும். சிறுத்தைப் பயமும் உண்டு. 2024 மே மாதத்தில் பாபநாசம் பக்கம் வேம்பையாபுரத்தில் ஆட்டைத் தூக்கிய சிறுத்தையை வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதனால் அவருக்கு நாய் இல்லாமல் முடியாது. சிப்பிப்பாறைக் கலப்பு, ஓட்டத்தில் கெட்டி. நாய் வளர்ப்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. பகலிலும் அதை அவிழ்த்து விடுவதுதான் வருத்தம். இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே எங்கள் விடைக்கோழி ஒன்றை அது கவ்வியது. "கட்டிப் போடுதேன்" என்று பெரியப்பா சொன்னார். ரெண்டு நாள் கட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. தம்பிக்கு வயது பதினைந்து. "வாழைக்குப் போடுத குருணை மருந்தை அந்தச் செத்த கோழியிலயே வச்சுப் போடுதேன். நாளைக்கு நாய் இருக்காது" என்றான். அப்பா, "கேக்கப்படாது. கோடையில அவுக மோட்டார்லதான் தண்ணி எடுக்கோம். கோழிக்காக தண்ணியை விட முடியுமா?" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் கோழிகளைத் தென்னைமரத்து மூட்டில் குழி தோண்டிப் புதைத்தாள். "நாய் கடிச்சதைத் தின்னப்படாது, விக்கவும் படாது" என்பது அவள் சட்டம். புதைக்கும் முன் நான் செல்போனில் படம் எடுத்து வைத்துக் கொண்டேன். எதிர்வீட்டு ஆச்சி நாய் ஓடியதைப் பார்த்திருந்தார்கள். அவர்களிடம் தேதியும் நேரமும் சொல்லி நினைவில் வைத்துக் கொள்ளச் சொன்னேன்.

அப்பா சொன்னதையும் மீறி அம்மா போய்க் கேட்டாள். பெரியம்மா, "கோழி வளக்கிறவ அடைச்சு வளக்கணும்" என்றார்கள். அடைத்துத்தான் வைத்திருந்தோம் என்று நான் சொன்னதும் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னட்டி, நாலு எழுத்துப் படிச்சதும் கேஸ் போடுதியோ? வெள்ளத்துல செத்த கோழிக்கு கவர்மெண்டே நூறு ரூவாதான் வச்சிருக்கு. அதைத் தாரேன், வாங்கிட்டுப் போ" என்றார்.

நூறு ரூபாய் என்று அவர் சொன்னது பொய் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரை புரண்டு நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதை நாம் மறக்க முடியாது. பேரிடர் நிவாரண விதிகளில் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய் என்று அப்போது அளவு இருந்தது. அதைத்தான் பெரியப்பா பிடித்துக் கொண்டார். அம்மா பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தாள். எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. ஆனால் அந்த நூறு ரூபாய் மனதில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த மாதம் எங்கள் காலேஜில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்தது. வந்திருந்த வக்கீல் அம்மா கடைசியில் "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்றார்கள். நான் எழுந்து, "மேடம், பக்கத்து வீட்டு நாய் எங்கள் கோழியைக் கொன்றால் சட்டத்தில் வழி உண்டா?" என்று கேட்டேன். ஹால் முழுவதும் சிரிப்பு. வக்கீல் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முகாம் முடிந்ததும் என்னை உட்கார வைத்து அரைமணி நேரம் சொன்னார்கள். அதன் சாரத்தை இங்கே தருகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் கோழி உண்டு, பக்கத்து வீட்டில் நாயும் உண்டு!

முதலாவது, போலீஸ். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291ஆம் பிரிவு. வளர்க்கும் பிராணியைக் கவனமில்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது மனித உயிருக்கும் உடம்புக்கும் வரும் ஆபத்தைப் பற்றி. கோழிக்கு அதில் இடமில்லை. வேண்டுமென்றே நாயை ஏவி விட்டிருந்தால் 325ஆம் பிரிவு வரும். பிராணியைக் கொன்று நஷ்டம் உண்டாக்குவதற்கு அதில் ஐந்து வருடம் வரை தண்டனை. பெரியப்பா ஏவி விடவில்லையே! அதே சமயம், தம்பி குருணை மருந்து வைத்திருந்தால் அந்த 325 எங்கள் தலையில்தான் விடிந்திருக்கும். இதை வீட்டுக்கு வந்து சொன்னதும் தம்பி வாயை மூடிக் கொண்டான்.

இரண்டாவது, கொண்டித்தொழு. மாடு பயிரை மேய்ந்தால் பிடித்துக் கொண்டித்தொழுவில் அடைப்பது நம் தாத்தா காலத்து வழக்கம். அதற்கு 1871ஆம் வருடத்துச் சட்டமே உண்டு. யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு என்று அந்தச் சட்டம் நீளமாகப் பட்டியல் போடுகிறது. நாய் அதில் இல்லை. பயிருக்கு வந்த நஷ்டத்தை நினைத்தவர்கள் கோழிக்கு வந்த நஷ்டத்தை நினைக்கவில்லை.

மூன்றாவது, சிவில் வழி. தன் நாய்க்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது என்று தெரிந்தும் கட்டிப் போடாமல் விட்டவர், விளைந்த நஷ்டத்தைத் தர வேண்டும். இது ஆங்கிலேயர் காலத்தில் இருந்து வருகிற கொள்கை. "தெரிந்தும்" என்ற சொல்தான் இதில் உயிர். முதல் தடவை கடித்தால் "எனக்குத் தெரியாது" என்று சொந்தக்காரர் தப்பிக்கலாம். இரண்டாம் தடவை அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் விடைக்கோழி இரண்டு மாதத்துக்கு முன் செத்தது வீண் போகவில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

இந்தக் கொள்கையைப் பிறப்பித்த இங்கிலாந்திலேயே அதை மாற்றி விட்டார்கள். 1906ல் ஒரு சட்டம் போட்டு, நாய் ஆடு மாடுகளைக் கடித்தால் சொந்தக்காரருக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே வேண்டாம், நஷ்டத்தைக் கொடு என்றார்கள். அதில் கோழி விட்டுப் போயிருந்தது. 1928ல் தனியாகத் திருத்தம் கொண்டு வந்து கோழியையும் சேர்த்தார்கள். இப்போது அங்கே இருப்பது 1971ஆம் வருடச் சட்டம். அதில் ஒரு நியாயமும் வைத்திருக்கிறார்கள். நாய்க்காரர் இடத்துக்குக் கோழி தானாகப் போய் அங்கே கடிபட்டால் அவர் பொறுப்பில்லை. கோழி இருந்த இடத்துக்கு நாய் வந்தால் பொறுப்பு. "அடைச்சு வளக்கணும்" என்ற பெரியம்மாவின் வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஒரு நாட்டின் பாராளுமன்றம் கோழிக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறது. நாம் கேட்டால் மட்டும் ஏன் சிரிப்பு?

நான்காவது, பணம் இல்லாமலும் வழி உண்டு. 1987ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா அளவில் சட்டப் பணிக் குழு இருக்கிறது. வழக்காகப் போகும் முன்னாலேயே மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசம் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. "ஆனா முதல்ல ஊர்லயே பேசிப் பாரு. பேசப் போறப்ப கணக்கோட போ" என்றார்கள் வக்கீல் அம்மா.

கணக்கோடு போ! அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். மூன்றாம் ஆண்டு சிவிலில் நாம் படிப்பதே அதுதானே. எஸ்டிமேட்டிங், காஸ்டிங், வேல்யுவேஷன். செங்கலுக்கும் சிமெண்டுக்கும் போடுகிற கணக்கைக் கோழிக்குப் போட்டேன். அளவு, விலை, தொகை என்று கட்டம் கட்டினேன்.

பெட்டை 4, ஒன்று 600 வீதம் 2,400. சேவல் 1, விலை 1,000. குஞ்சு 6, ஒன்று 80 வீதம் 480. அடை முட்டை 11, ஒன்று 15 வீதம் 165. கூட்டுக் கதவு பழுது 250. ஆக மொத்தம் 4,295 ரூபாய். சால்வேஜ் வேல்யூ எதுவும் இல்லை. புதைத்தாகி விட்டது.

இதிலும் பெட்டைக்கு நான் போட்டது கறி விலைதான். ஒரு பெட்டை வருடத்தில் மூன்று நான்கு ஈடு முட்டையிடும், 21 நாள் அடை உட்காரும், குஞ்சு வளர்க்கும். அந்த வருமானத்தைச் சேர்த்தால் தொகை இன்னும் ஏறும். அதைச் சேர்க்கலாம் என்று இருந்தேன். அம்மா வேண்டாம் என்றாள். "போனதைக் கேப்போம். வரப்போறதைக் கேக்க வேண்டாம்" என்றாள்.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு வாத்தியார் தாத்தா ஒருவர் இருக்கிறார். பெரியப்பாவுக்கும் அவர்தான் பாடம் சொன்னவர். அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அப்பா வர மறுத்து, கடைசி நிமிஷத்தில் வந்து ஓரமாக நின்றார். ஆச்சி பார்த்ததைச் சொன்னார்கள். படத்தைக் காட்டினேன். பெரியப்பா மரநாய் என்றார். வாத்தியார் தாத்தா, "மரநாய் பகல் ஒரு மணிக்கு வந்து பதினோரு உசுரைக் கொன்னு ஒண்ணைக் கூட எடுக்காமப் போகுமாடே?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு அந்த நூறு ரூபாய் வந்தது. இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. "பெரியப்பா, வெள்ளத்துக்கு சொந்தக்காரர் கிடையாது. அதனால அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுக்கிறது நிவாரணம். நாய்க்கு சொந்தக்காரர் உண்டு. அவர் கொடுக்க வேண்டியது இழப்பீடு. நிவாரணம் கொஞ்சமா இருக்கலாம், இழப்பீடு இழந்த அளவுக்கு இருக்கணும்" என்றேன். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொன்று, விவசாயிகள் போராடி, 2025ல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்ததையும் சொன்னேன். சொந்தக்காரர் இல்லாத நாய்க்கே அரசு பொறுப்பேற்கிறது. வீட்டில் சோறு போட்டு வளர்க்கிற நாய்க்கு யார் பொறுப்பு?

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என் தாளை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். "குஞ்சுல பாதி பருந்துக்கும் காக்காவுக்கும் போறதுதானே? முழுசுக்கும் நான் எப்படிக் குடுப்பேன்?" என்றார். நியாயமான கேள்வி. குஞ்சுக்குப் பாதி, 240 கழித்தோம். கதவு ஏற்கெனவே ஆடிக் கொண்டிருந்தது என்றார். அம்மாவே தலையாட்டினாள். 250 கழித்தோம். மிச்சம் 3,805. அதில் இரண்டு பெட்டையைக் கோழியாகவே தருவதாகச் சொன்னார். 1,200 கழிந்தது. 2,605ல் ஐந்து ரூபாயை வாத்தியார் தாத்தா தள்ளுபடி செய்தார். 2,600 ரூபாயை இரண்டு தவணையில், பாதி உடனே, பாதி தார் வெட்டிய பிறகு என்று முடிவாகியது. நாயைப் பகலில் சங்கிலியில் கட்ட வேண்டும், கோழி அடைந்த பிறகு ராத்திரி அவிழ்த்துக் கொள்ளலாம். வேலி ஓட்டையை எங்கள் பக்கம் நாங்கள் அடைக்க வேண்டும். எல்லாவற்றையும் நான் எழுதினேன். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா பெருவிரல் வைத்தாள். எங்கள் வீட்டுப் பெருவிரல் இதுவரை எத்தனையோ கடன் பத்திரத்தில் பதிந்திருக்கிறது. வர வேண்டிய பணத்துக்குப் பதிந்தது இதுதான் முதல் தடவை.

இரண்டு தவணையும் வந்து சேர்ந்தது. இந்த செமஸ்டர் பரீட்சைப் பணம் அதில்தான் கட்டினேன். பெரியம்மா மட்டும் மூன்று மாதம் அம்மாவிடம் முகம் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள், "ஏ மைனி, உங்க பெட்டை எங்க படப்புல முட்டை இட்டிருக்கு, வந்து எடுத்துக்கிடுங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. மோட்டார் தண்ணீரை அவர்கள் ஒரு நாளும் நிறுத்தவில்லை. அப்பா பயந்தது நடக்கவில்லை.

திருவாரூரில் கன்றை இழந்த பசு மணியடித்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. கலெக்டர் மனு வாங்குகிற முகாமுக்கும் மனுநீதி நாள் என்றுதான் பெயர். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். மகன் செத்ததால் பசுவுக்கு என்ன கிடைத்தது? பெரிய புராணத்தில் இறைவன் வந்து கன்றை எழுப்பிக் கொடுக்கிறார், அதனால் கதை சுபம். எங்கள் தெருவுக்கு இறைவன் வந்து கோழியை எழுப்பப் போவதில்லை. நாயைக் கொல்வதாலோ, பெரியப்பாவை ஸ்டேஷனில் நிறுத்துவதாலோ அம்மாவின் கூடு நிறையாது. கூடு நிறைய வேண்டும் என்றால் கணக்குத்தான் வழி.

எனவே, கிராமத்தில் இருந்து வந்து படிக்கும் தோழர் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஆடோ கோழியோ இப்படிச் செத்தால், அன்றைக்கே படம் எடுங்கள். பார்த்தவர்களிடம் பேசி வையுங்கள். முன்பு ஒரு தடவை நடந்திருந்தால் தேதியோடு குறித்து வையுங்கள். விஷம் வைக்கிற பேச்சை முளையிலேயே கிள்ளுங்கள். கேட்கிற தொகையை வரி வரியாக எழுதுங்கள். எதிராளி கழிக்கச் சொன்னால், நியாயம் இருக்கிற இடத்தில் கழியுங்கள். ஊரில் முடியாவிட்டால் தாலுகா சட்டப் பணிக் குழுவுக்கு அம்மாவை அழைத்துக் கொண்டு போங்கள். நாம் படிக்கிற படிப்பு பாலம் கட்டவும் அணை கட்டவும் மட்டும் இல்லை. நம் வீட்டில் "கேக்கப்படாது" என்று பழகிப் போனவர்களுக்குக் கேட்கக் கற்றுக் கொடுக்கவும் அது உதவட்டும்!